ஹெம்ப் விதை வாங்கச் சொல்கிறார்களா? ஜெர்மனியில் நடப்பதை முதலில் பாருங்கள்

“ஹெம்ப் விதை எங்கே கிடைக்கும்? நம் மண்ணுக்கு வருமா?” விவசாயிகள் கூடும் இடங்களில் இந்தக் கேள்வி இப்போது காதில் விழுகிறது. கைப்பேசியில் சுற்றும் காணொலிகள்தான் காரணம். ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு கஞ்சா வளர்க்க அனுமதி கொடுத்துவிட்டார்கள், தாய்லாந்தில் அரசே கன்று கொடுத்தது, உத்தராகண்டில் உரிமம் தருகிறார்கள், அடுத்தது தமிழ்நாடுதான் என்று அவற்றில் பேசுகிறார்கள். பேச்சின் முடிவில் ஒரு தொலைபேசி எண். விதையும் வேர்விட்ட போத்தும் தருகிறோம், விளைந்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். ஈமு கோழிக் காலத்தில் கேட்ட அதே பேச்சு.

முதல் குழப்பம் பெயரில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹெம்ப்’ என்று முடியும் பயிர்கள் பல. நெல்லுக்கு முன் விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுகிறோமே சணப்பு, அது ‘சன் ஹெம்ப்’. புளிச்சைக்கீரையின் உறவான நார்ப்பயிர் ஒன்று ‘டெக்கான் ஹெம்ப்’. ‘மணிலா ஹெம்ப்’ வாழைக் குடும்பத்துச் செடி. இவற்றுக்கும் கஞ்சாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் காணொலிகளில் வரும் ‘இண்டஸ்ட்ரியல் ஹெம்ப்’ கஞ்சாச் செடியேதான். அதே இனம், போதை தரும் டிஹெச்சி என்ற பொருள் குறைவாக உள்ள ரகங்களைத் தனியாகப் பிரித்து அந்தப் பெயரில் அழைக்கிறார்கள். நம் செய்திகளில் இதையும் ‘சணல்’ என்று மொழிபெயர்த்துவிடுவதால், சாக்குப் பைக்கு நார் தரும் சணலும் இதுவும் ஒன்று என்று படிப்பவர் நினைத்துக்கொள்கிறார்.

இனி ஜெர்மனிக்கு வருவோம். அங்கே 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 18 வயது நிறைந்த ஒருவர் தன் வீட்டில் ஒரே நேரத்தில் 3 கஞ்சாச் செடிகள் வரை வைத்துக்கொள்ளலாம். அந்நாட்டில் குறைந்தது 6 மாதமாவது வசிப்பவராக இருக்க வேண்டும். செடி குழந்தைகள் கைக்கும் வெளியாட்கள் கைக்கும் எட்டக் கூடாது. விளைந்ததை விற்கக் கூடாது. அடுத்தவருக்குச் சும்மா கொடுக்கவும் கூடாது. இதைத் தவிர, 2024 ஜூலையிலிருந்து வளர்ப்போர் சங்கங்கள் அமைக்கலாம். ஒரு சங்கத்தில் அதிகபட்சம் 500 பேர். லாப நோக்கம் கூடாது.

காணொலிக்காரர்கள் சொல்லாமல் விடும் இடம் இதுதான். ஜெர்மனி அனுமதித்தது விவசாயத்தை அல்ல. வீட்டில் வளர்க்கும் 3 செடியிலிருந்து ஒருவருக்கும் ஒரு காசு வருமானம் கிடையாது. ஒரு ஜெர்மன் விவசாயி தன் தோட்டத்தில் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகவும் இந்தச் சட்டம் வழி செய்யவில்லை. மருந்துக்கான சாகுபடி தனி உரிமம், தனி விதிகள். அப்படியிருக்க, அந்த நாட்டைக் காட்டி இங்கே ஏக்கர் கணக்குப் போடுவதில் என்ன பொருள்?

ஆனாலும் அந்தச் சட்டத்தில் ஒரு விவசாயி ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அது விதையையும் போத்தையும் பற்றியது. வீட்டில் வளர்ப்பவர் விதையைப் பிற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். சங்கத்திடமிருந்து வாங்குவதானால் ஒருவருக்கு மாதம் 7 விதை, அல்லது 5 போத்து; இரண்டும் கலந்து வாங்கினால் மொத்தம் 5. போத்து என்றால் என்ன என்பதையும் சட்டமே சொல்கிறது: பூங்கொத்தோ காய்க்கொத்தோ இல்லாத இளங்கன்று அல்லது தண்டுத் துண்டு. பூ வந்துவிட்டால் அது நடவுப்பொருள் இல்லை, போதைப்பொருள் கணக்கில் சேர்ந்துவிடும்.

விதை 7, போத்து 5 என்று ஏன் வைத்தார்கள்? என் கணக்கு இது. கஞ்சாவில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. பப்பாளியும் கோவையும் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாதாரண விதை 7 போட்டால் 6 முளைக்கலாம், அதில் பாதி ஆணாகப் போகும், மீதி 3. சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கையும் அதுதான். போத்து அப்படியல்ல. பெண் செடியிலிருந்து வெட்டிய போத்து பெண்ணாகத்தான் இருக்கும். பெண் கொடியில் துண்டு வெட்டிக் கோவைக்காய்ப் பந்தல் போடுவதும், ஜாதிக்காயில் ஒட்டுக்கன்று தேடி அலைவதும் இதே காரணத்துக்குத்தான். பெண் செடி மட்டுமே தரும்படி தயாரித்த விதை என்று தனியாக விற்கிறார்கள். விலையும் அதிகம். சொன்னபடி இருந்தால் சரி. இல்லை என்பது செடி பூக்கும்போதுதான் தெரியும். அதற்குள் நிலமும் தண்ணீரும் கூலியும் போயிருக்கும்.

இந்தப் பயிரில் மகரந்தம் காற்றில் பரவுகிறது. கிலோமீட்டர் கணக்கில் போகும். பூவுக்காக வளர்ப்பவர் தோட்டத்தில் ஒரே ஒரு ஆண் செடி தப்பி நின்றாலும் பெண் செடிகள் விதை பிடித்து, பூ மதிப்பிழந்துவிடும். அவர் ஆண் செடியே வைக்காவிட்டாலும், பக்கத்து நிலத்தில் ஒருவர் நாருக்காக விதைத்திருந்தால் அந்த மகரந்தமே போதும். நாருக்குப் போட்டவரும் பூவுக்குப் போட்டவரும் அருகருகே இருந்து பிழைக்க முடியாத பயிர் இது. வரப்புக்கு வரப்பு பல பேர் நிலம் உள்ள நம் ஊரில் இதை நினைத்துப் பாருங்கள்.

முளைப்பு விஷயம் சுருக்கமாகச் சொன்னால் போதும். எண்ணெய்ச் சத்து மிகுந்த விதை. நிலக்கடலை, எள் போல வெயிலிலும் ஈரப்பதத்திலும் சீக்கிரம் முளைப்புத் திறன் இழக்கும். வெளிறிய, முதிராத விதை ஏமாற்றும். தண்ணீர் தேங்கினால் நாற்றழுகல் வரும். போத்துக்கு வேர் இல்லை என்பதால் காற்றில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மிளகுக்கும் மல்லிகைக்கும் நாற்றங்காலில் செய்வதுதான். இதில் ரகசியம் எதுவும் இல்லை. ‘எங்களிடம் மட்டும் உள்ள தொழில்நுட்பம்’ என்று பயிற்சிக் கட்டணம் கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

வேர் பிடிக்க வைப்பதை விடப் பெரிய விஷயம், போத்தோடு கூடவே என்ன வருகிறது என்பது. 2019-இல் கலிஃபோர்னியாவில் கஞ்சா வளர்ப்பவர்களை வாட்டிய ஒரு நோய்க்கான காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். செடி குட்டையாகும், கிளை இலகுவாக ஒடியும், பூவில் பிசின் குறையும். காரணம் ஒரு வைராய்டு. வைரஸை விடச் சிறியது. அதற்கு மேலுறைகூடக் கிடையாது. பீர் தயாரிப்பில் சேர்க்கும் ஹாப் கொடியில் 1980-களிலேயே அறியப்பட்டது. ஹாப்பும் கஞ்சாவும் ஒரே தாவரக் குடும்பம். தாய்ச்செடி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். நோய் உள்ளே இருக்கும். அதிலிருந்து வெட்டும் ஒவ்வொரு போத்தும் நோயோடுதான் போகும். வெட்டும் கத்தியும் அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். மருந்து அடித்துப் போக்க முடியாது. ஆய்வகத்தில் சோதித்துச் சுத்தமான தாய்ச்செடியைத் தேர்வதும், குருத்து நுனியிலிருந்து திசு வளர்ப்பில் புதுச் செடி எடுப்பதும், கத்தியை ஒவ்வொரு முறையும் கிருமி நீக்கம் செய்வதும்தான் வழி.

இது நமக்குப் புதுக் கதையா? சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளில் தேமல் நோய் எப்படிப் பரவியது? வெள்ளை ஈ ஒரு பங்கு. நோயுள்ள செடியிலிருந்து வெட்டி ஊர் ஊராக ஏற்றிப்போன விதைக்குச்சி இன்னொரு பங்கு. கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் அழித்தபோது, அசுவினியோடு கன்றும் சேர்ந்துதான் நோயைச் சுமந்தது. தாய்ச்செடியை யார் வைத்திருக்கிறார், அதைச் சோதித்தது யார் என்று கேட்காமல் போத்து வாங்கக் கூடாது என்பது கரும்புக் கரணைக்கும் பொருந்தும், இதற்கும் பொருந்தும். தொலைபேசி எண் கொடுத்துப் போத்து விற்பவரிடம் தாய்ச்செடி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. வந்தால் இன்னும் ஆபத்து. அப்படி ஒரு தாய்ச்செடி வைத்திருப்பதே இங்கே குற்றம்.

சந்தைக் கதைக்கு வருவோம். அமெரிக்கா 2018-இல் வேளாண் சட்டம் மூலம் ஹெம்ப் சாகுபடியைத் திறந்துவிட்டது. அளவுகோல், காய்ந்த எடையில் டிஹெச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. அறுவடைக்கு முன் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். அளவு தாண்டினால் அப்படியே விற்க முடியாது. அழிக்க வேண்டும், அல்லது பூவை நீக்குவது போன்ற வழியில் சரிசெய்ய வேண்டும். செடி முதிர முதிர டிஹெச்சி ஏறும். எண்ணெய்க்காகப் பயிரிடும் ரகங்கள்கூடப் பத்து நாள் கூடுதலாக நின்றால் கோட்டைத் தாண்டலாம். எந்த நாளில் அறுப்பது என்பதை விளைச்சல் சொல்லாது, ஆய்வகம் சொல்லும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு விளைவித்தவர்களுக்கு என்ன கிடைத்தது? அமெரிக்க வேளாண்மைத் துறைக் கணக்குப்படி 2021-இல் அங்கே சுமார் 54 ஆயிரம் ஏக்கரில் ஹெம்ப் இருந்தது. மொத்த மதிப்பு 82 கோடி டாலர். அடுத்த ஆண்டே பரப்பு 28 ஆயிரம் ஏக்கராகவும் மதிப்பு சுமார் 24 கோடி டாலராகவும் விழுந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் விளைவித்தார்கள், வாங்க ஆளில்லை. 2025 நவம்பரில் ஹெம்ப் என்பதற்கான சட்ட வரையறையையே அங்கே மீண்டும் இறுக்கிவிட்டார்கள்.

தாய்லாந்திலும் அதே கதைதான். 2022 ஜூன் 9-ஆம் தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கி, வீடுகளுக்கு 10 லட்சம் கன்றுகள் இலவசம் என்று அறிவித்தார்கள். கடைகள் பெருகின. விலை சரிந்தது. வெளிநாட்டுக் கடத்தல் சரக்கு உள்ளே வந்து சிறு விவசாயிகளை நெருக்கியது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் பூ விற்கலாம் என்று விதி மாறியது. மூன்றே ஆண்டு. கொட்டகை போட்டவர் கடன் தவணையை அரசாணை கட்டுமா?

நம் நாட்டுச் சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் கஞ்சாச் செடி பயிரிடுவதையே தடை செய்கிறது. 20-ஆவது பிரிவின்படி, பயிரிட்டதற்கு 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ‘கஞ்சா என்ற வரையறையில் விதை வராது, அதனால் விதை வைத்திருப்பது குற்றமல்ல’ என்று விற்பவர் சொல்வார். அது பாதி உண்மை. பூங்கொத்தோடு சேராத விதை அந்த வரையறைக்கு வெளியே நிற்பது சரிதான். வறுத்துத் தின்னும் விதையை உணவுப் பொருளாக விற்க 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வழி செய்ததும் சரிதான். குமாவுன் மலையில் அதில் சட்னியே அரைக்கிறார்கள். ஆனால் அந்த விதை மண்ணில் விழுந்து முளைத்த அன்று அது ‘பயிரிடுதல்’. ஒரு செடிக்கும் அதே பிரிவுதான். தொட்டியில் இருந்தாலும், மாடியில் இருந்தாலும் அதுதான்.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஜெர்மனியில் தபாலில் வரவழைக்கலாம் என்பதால் இங்கேயும் பொட்டலத்தில் அனுப்பலாம் என்று ஆகாது. விதை எதுவானாலும், இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இடம் தராது.

சட்டத்தில் நிலத்தின் உரிமையாளர் தவறாமல் அறிய வேண்டிய பிரிவுகள் இரண்டு. 46-ஆவது பிரிவு: உங்கள் நிலத்தில் சட்டவிரோதமாகக் கஞ்சா பயிரிடப்பட்டிருந்தால் உடனே காவல் துறைக்கோ உரிய துறை அலுவலருக்கோ தகவல் தர வேண்டும், தெரிந்தும் சொல்லாவிட்டால் தண்டனை. 54-ஆவது பிரிவு: நீங்கள் உழுது பயிரிட்ட நிலத்தில் கஞ்சாச் செடி நின்றால், மாற்றாக நிரூபிக்கும் வரை குற்றம் உங்களுடையது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். மலையடிவாரத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டு, ஆறு மாதம் எட்டிப் பார்க்காமல் இருப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். மக்காச்சோளத்துக்கும் மரவள்ளிக்கும் நடுவே நிற்கும் நாலு செடி வரப்பிலிருந்து தெரியாது. வாய்ப்பேச்சில் குத்தகை விட்டிருந்தால், பயிரிட்டது குத்தகைதாரர்தான் என்று காட்ட உங்களிடம் ஒரு தாளும் இருக்காது.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு பிரிவு உண்டு. 47-ஆவது பிரிவு அரசு அலுவலர், ஊராட்சித் தலைவர், கிராம அலுவலர் என எல்லோருக்கும் இதே கடமையை விதிக்கிறது. வயலாய்வுக்குப் போன உதவி வேளாண்மை அலுவலர் கண்ணில் பட்டும் ‘அது நம் துறை வேலை இல்லை’ என்று திரும்பிவிட்டால் அவரும் பொறுப்பாளி ஆகலாம்.

அப்படியானால் உத்தராகண்டில் எப்படி உரிமம் கொடுத்தார்கள்? அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவு, நார் அல்லது விதை எடுக்கும் தொழில் நோக்கத்துக்காகவும் தோட்டக்கலை நோக்கத்துக்காகவும் மட்டும் அரசு ஆணை போட்டு அனுமதிக்க இடம் வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தி 2018-இல் அந்த மாநிலம் முதல் உரிமத்தை வழங்கியது. டிஹெச்சி 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? விதையில்தான். மலையில் தானாக முளைத்து நிற்கும் நாட்டுச் செடிகள் அந்த அளவைத் தாண்டுகின்றன. அளவுக்குள் அடங்கும் விதை உள்ளூரில் போதுமான அளவு இல்லை. வெளிநாட்டு விதை விலை கட்டவில்லை. உரிமம் கையில் இருந்தும் விதைக்க விதை இல்லை என்ற நிலை. இமாச்சலம் இதைப் பார்த்துதானோ என்னவோ, நேராக உரிமத்துக்குப் போகவில்லை. பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகமும் நௌனி தோட்டக்கலைப் பல்கலைக்கழகமும் முதலில் சோதனை அடிப்படையில் ஆராயட்டும் என்று 2025 ஜனவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. எனக்கு இது சரியான வரிசையாகப் படுகிறது. முதலில் ரகம், பிறகு சான்று விதை, அதன் பிறகு விவசாயி. ஐரோப்பாவிலும் ஹெம்ப் பயிரிட்டு மானியம் வாங்க வேண்டுமானால் ஒன்றியத்தின் பட்டியலில் உள்ள ரகத்தின் சான்று விதையாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்படி உரிமம் தரும் திட்டம் இன்று இல்லை. நாளை வரலாம், வந்தால் அது அரசிதழில் வரும், வேளாண் பல்கலைக்கழகத்தின் ரகப் பட்டியலில் வரும், வேளாண்மை விரிவாக்க மையத்தின் பலகையில் வரும். காணொலியின் கீழே உள்ள தொலைபேசி எண்ணில் வராது.

இதற்கு நடுவில் யாராவது உங்களை அணுகினால் கேட்க வேண்டியவை: 14-ஆவது பிரிவின் கீழ் எந்த அரசாணை, எந்த எண், எந்தத் தேதி? விதை விற்பனை உரிமம் உண்டா? மூட்டையில் முளைப்புத் திறனும் சோதனைத் தேதியும் குறித்த அட்டை இருக்கிறதா? டிஹெச்சி அளவு பற்றிய ஆய்வக அறிக்கை யார் பெயரில்? ‘ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பது பதில் அல்ல. விதை முளைக்காமல் போனால் புகார் கொடுக்க எந்த விதை ஆய்வாளரிடம் போய் நிற்பீர்கள்? புகாரின் முதல் வரியிலேயே உங்கள் குற்றத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்தவர்கள் பணம் அனுப்பிய ரசீதையும் பேசிய குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்து, விதைக்காமல், காவல் நிலையத்தில் ஏமாற்றுப் புகாராகக் கொடுக்கலாம். நிலத்தில் சந்தேகமான செடி கண்டால் நீங்களே பிடுங்கி எரிக்க வேண்டாம். கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் அன்றே எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி, நிலத்தின் சிட்டாவோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பசுந்தாளுரத்துக்கு விதை தேடுபவர்கள் கடையில் ‘ஹெம்ப்’ என்று கேட்காதீர்கள். ‘சணப்பு’ என்று கேளுங்கள்.